பூனைக்கு என்ன போடுகிறீர்கள்?

விலைவாசி இருக்கிற இருப்பில் பிள்ளைகளுக்கே ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்று எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதில் பூனைக்குப் புரதச் சத்தா, அதற்கு ஒரு கட்டுரை வேறா என்று சில சகோதரிகள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள், பரவாயில்லை. ஆனால் வீட்டில் பூனை இருக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள். எங்கள் பொன்னிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பிறவிக் குறை இல்லை, அடிபடவும் இல்லை. மூன்று வருஷம் என் கையால் நான் பிசைந்து போட்ட தயிர்சாதம் செய்த வேலை அது.

எலி பிடித்த காலம்

நாங்கள் சைவம். புகுந்த வீடு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். மச்சு, நெல் குதிர், மாட்டுத் தொழுவம் எல்லாம் இருந்த பழைய வீடு. அங்கே பூனை 'வளர்த்தோம்' என்று சொல்ல முடியாது. அதுவாக வரும், குட்டி போடும், போகும். மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் என் மாமியார் ஒரு சிரட்டையில் பால்சோறு வைத்து, "ச்சு ச்சு" என்று கூப்பிடுவார்கள். கொழுகொழுவென்று நாலு பூனை ஓடி வரும். அதைப் பார்த்துப் பார்த்து, பால்சோறும் தயிர்ச்சோறும் தின்றே பூனை கொழுக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். ராத்திரி குதிருக்குப் பின்னால் அவை தின்ற எலிகளை யார் கணக்கு வைத்தார்கள்!

2018இல் அவருக்கு வேலை மாற்றலாகி, தாம்பரம் பக்கம் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். அந்தத் தீபாவளிக்கு, வெடிச் சத்தத்துக்குப் பயந்து மாடிப்படியில் ஒண்டிக்கொண்டிருந்த குட்டியை என் பெண் தூக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் நிறம் என்பதால் பொன்னி என்று பெயர். வெளியே விட்டால் வண்டியில் அடிபடும் என்று வீட்டோடேயே வைத்துக்கொண்டோம். மூன்றாவது மாடியில் எலி ஏது? பல்லி கூட எப்போதாவதுதான். காலையில் பால், மத்தியானம் தயிர்சாதம், ராத்திரி கொஞ்சம் பன்னீர். 'சத்து வேண்டுமே' என்று மீல்மேக்கரைக்கூட வேகவைத்துப் பிசைந்து கொடுத்தேன். அதுவும் சாப்பிட்டது, பாவம். வேறு என்ன செய்யும்?

2021இல் ஒருநாள் சோபாவிலிருந்து குதித்தபோது ஸ்டூலில் முட்டிக்கொண்டது. விளையாட்டு என்று சிரித்தோம். பிறகு பட்டப்பகலிலும் கண்மணி ராத்திரி இருக்கிறமாதிரி பெரிதாகவே இருந்தது. நூலை ஆட்டினால் பார்க்கவில்லை, சத்தம் கேட்டால் மட்டும் திரும்பியது. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதுக்கு என்னம்மா சாப்பாடு?" என்றார்.

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

டாரீன் என்று ஒரு பொருள்

அன்றைக்குத்தான் 'டாரீன்' என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். மாட்டின் பித்தநீரிலிருந்து 1827இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த பொருளாம். லத்தீன் மொழியில் காளைக்குள்ள பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். கண்ணின் விழித்திரைக்கும் இதயத் தசைக்கும் இது வேண்டும். நம் உடம்பு இதைத் தானே செய்துகொள்கிறது. நாயின் உடம்பும் பெரும்பாலும் செய்துகொள்கிறது. பூனையின் உடம்புக்கு மட்டும் போதிய அளவு செய்யத் தெரியாது. போதாக்குறைக்கு, பித்தநீரோடு சேர்த்து அன்றாடம் கொஞ்சம் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே சாப்பாட்டில் வந்துதான் ஆகவேண்டும். கறியில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, எலியில் தாராளமாக இருக்கிறது. அரிசி, பருப்பு, சோயா, காய்கறியில் கிடையாது. பாலில் இருப்பது போதாது.

இதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொரு செய்தி. 1975ஆம் வருஷமே அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாலிலிருந்து எடுத்த கேசின் என்ற புரதத்தைக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை கெட்டுப்போனது. ரத்தத்தைச் சோதித்தால் டாரீன் குறைவு. நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயத்தை, நான் என் வீட்டுச் சமையலறையில் மறுபடியும் 'கண்டுபிடித்து' இருக்கிறேன்!

இதயத்தின் கதை 1987இல்தான் வெளிவந்தது. கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊர்ப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியர்கள், இதயம் வீங்கித் தளர்ந்து சாகும் பூனைகளுக்கு டாரீன் கொடுத்துப் பார்த்தார்கள். பல பூனைகள் பிழைத்து எழுந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூனைகள் எல்லாம் என் பொன்னியைப்போல் தயிர்சாதம் தின்றவை இல்லை, கடையில் விற்ற தீனியைத் தின்றவை! அதற்கப்புறம் கம்பெனிகள் டாரீன் அளவைக் கூட்டின, அந்த நோயும் வெகுவாகக் குறைந்துபோனது. பாக்கெட்டில் அடைத்து வந்தாலே சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்பக்கூடாது, வீட்டில் செய்தாலே நல்லது என்றும் நம்பக்கூடாது.

பொன்னியின் இதயமும் தளர்ந்துதான் இருந்தது. டாரீன் மாத்திரை ஆரம்பித்து, சாப்பாட்டை மாற்றி, சில மாதத்தில் அது தேறிவிட்டது. கெட்ட விழித்திரை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி என்ன போடுவது?

சாப்பாட்டை மாற்று என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு மாற்றுவது? இங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மகாபாரதம் நடந்தது.

"ஒரு ஜீவனைக் காப்பாத்த இன்னொரு ஜீவனைக் கொன்னு போடணுமாக்கும்? நம்ம வீட்டு அடுப்புல அது கூடாது" என்றார்கள் அத்தை. அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை, அவர்கள் நம்பிக்கை அது. "ஆச்சி, பொன்னிக்குக் கண்ணு போனது மட்டும் ஜீவகாருண்யமா?" என்று என் பெண் சண்டைக்கு நின்றாள். அவர் வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கடைசியில் அடுப்புக்கு வேலை வைக்காத பாக்கெட் தீனி வாங்குவது என்று சமாதானம் ஆயிற்று. மீன் வாசனை தூக்கலாக இருந்த பாக்கெட்டைத்தான் பொன்னி விரும்பியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அதற்குள் என் பெண் விலங்கியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா, கடல் கணக்கோடு வந்து நின்றாள்.

பூனைத் தீனிக்காக மட்டும் உலகத்தில் வருஷத்துக்கு 24 லட்சத்து 80 ஆயிரம் டன் சின்ன மீன்கள் பிடிக்கப்படுவதாக 2008இல் வெளியான ஒரு ஆஸ்திரேலியக் கணக்கு சொல்கிறது. சாளை, நெத்திலி இனத்து மீன்கள்தான் அதில் முக்கியம். அதாவது ஏழைபாழைகள் வாங்கிச் சாப்பிடக்கூடிய மீன். பெரிய மீன்களும் கடற்பறவைகளும் நம்பியிருக்கிற மீனும் அதுதான். நாலைந்து கிலோ மீனைக் காயவைத்து அரைத்தால்தான் ஒரு கிலோ மீன் தூள் கிடைக்கும். நம் பக்கத்திலேயே பாருங்களேன். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் கிடைத்தது 4 ஆயிரம் டன்னுக்கும் குறைவு. கடல் சூடு, மழை, பிடிப்பு எல்லாம் சேர்ந்து ஆட்டிவைக்கிற மீன் அது. ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் காணாமல் போகும். அப்படிப்பட்ட ஒன்றை நம்பிப் பூனைக்கு மாதச் சாமான் லிஸ்ட் போட முடியுமா?

கீழ் வீட்டு அக்கா தூத்துக்குடிக்காரர். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் அவர் மீன் விலையைச் சொல்லிப் புலம்புவதைக் கேட்டால் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும். "எங்க வீட்ல குழம்புக்கே இல்ல. உங்க வீட்டுப் பூனை மட்டும் தினம் மீன் சாப்பிடுதே, மகராசி!" என்று சிரிப்பார்.

கறிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் 2017இல் ஒரு பேராசிரியர், அந்த நாட்டின் சுமார் 16 கோடி நாய், பூனைகளுக்கு ஆகும் கறியைக் கணக்குப் பார்த்தார். கால்நடை வளர்ப்பால் நிலத்துக்கும் தண்ணீருக்கும் வரும் சுமையில் கால் பங்குக்கு மேல் இவற்றின் பொருட்டுத்தான் என்றார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கோழியில் நாம் தின்னாமல் தள்ளுகிற ஈரல், இதயம், கழுத்து, தலை இவைதான் பெரும்பாலும் தீனிக்குப் போகின்றன. குப்பைக்குப் போகிறதைப் பூனை தின்றால் அதையும் பூனை தலையில் எழுதுவது நியாயமா? உப்புமா மிஞ்சினால் மறுநாள் அடை தட்டுகிற நமக்கு இந்த நியாயம் புரியும். ஆனால் இந்தக் காலத்தில் நாய்க்கும் பூனைக்கும் 'நல்ல நெஞ்சுக்கறி மட்டும்' என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே, அதற்கு அவர் கணக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

சோயாவும் பட்டாணியும் போதுமா?

சைவ வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நானும் கேட்டேன். பூனைக்கு 'முழுச் சைவ' தீனி வெளிநாடுகளில் விற்கிறது. சோயா, பட்டாணி, மக்காச்சோளப் புரதம் இவற்றோடு டாரீனைத் தனியாகச் சேர்க்கிறார்கள். இந்த டாரீன் தொழிற்சாலையில் ரசாயன முறையில் தயாராவது. மாடும் இல்லை, மீனும் இல்லை. கடையில் விற்கிற 'சக்தி பானங்'களில் போடுவதும் இதேதான். இதைக் கேட்டதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தயிர்சாதத்துல அதைக் கலந்து போட்டாப் போச்சு!" என்றார்கள்.

அவ்வளவு சுலபம் இல்லை. டாக்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நாம் காரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்வோம், பூனையால் முடியாது. அதற்குத் தயாரான வைட்டமினாகவே கொடுக்கவேண்டும். அரகிடோனிக் அமிலம் என்று ஒரு கொழுப்பு, அதுவும் பிராணிகளின் கொழுப்பிலிருந்தே வரவேண்டும். ஆர்ஜினின் என்ற ஒன்று அறவே இல்லாத சாப்பாட்டை ஒரு வேளை தின்றாலே சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டுவிடும். தானியச் சாப்பாடு அதிகமானால் சிறுநீரின் தன்மை மாறிக் கல் உண்டாகவும் இடம் உண்டு. ஆண் பூனை மூத்திரம் போக முக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடவேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

2023இல் இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவரும் அவர் குழுவும் 1,300க்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றிக் கேட்டு எழுதிய ஆய்வில், சைவத் தீனி தின்றவை மற்றவற்றைவிட மோசமாக இல்லை என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அது வளர்ப்பவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய பதில், பூனைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த முடிவு இல்லை. அதில் சைவப் பூனைகள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2021க்கு முன் என்னிடம் யாராவது கேள்வித்தாள் நீட்டியிருந்தால் 'எங்கள் பொன்னி மிக நலம்' என்று நானும்தான் எழுதியிருப்பேன்.

புழு மாவு

இனிமேல் வருவது கொஞ்சம் அருவருப்பாக இருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுப் பிறகு வாருங்கள்.

மாடியில் காய்கறிக் கழிவுக்கு உரத்தொட்டி வைத்திருக்கிறீர்களா? அதில் சாம்பல் நிறத்தில், தட்டையாக, சுண்டுவிரல் நகத்தைவிட நீளமான புழுக்கள் நெளிவதைப் பார்த்து அலறியிருக்கிறீர்களா? நான் முதல் தடவை தொட்டியையே கவிழ்க்கப் போனேன். அது 'கறுப்புச் சிப்பாய் ஈ' என்ற பூச்சியின் புழு. வளர்ந்த ஈ கறுப்பாகக் குளவி மாதிரி இருக்கும், கடிக்காது, கொட்டாது. சாதாரண ஈ மாதிரி நம் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்து நோயைப் பரப்புவதும் இல்லை. சில நாட்கள்தான் வாழும். தின்பது எல்லாம் புழுப் பருவத்தில். இரண்டு மூன்று வாரத்தில் கழிவைத் தின்று கொழுத்து, பக்குவம் வந்ததும் தானாகவே தொட்டிச் சுவரில் ஏறி வெளியே வரப் பார்க்கும். காயவைத்தால் அதில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம். கொழுப்பும் கணிசமாக உண்டு.

ஐரோப்பாவில் இந்தப் புழுவை அரைத்து நாய், பூனைத் தீனி செய்து விற்கிறார்கள். வளர்ப்பு மீன்களுக்கும் கொடுக்கலாம் என்று 2017இல் அங்கே சட்டம் அனுமதித்தது. நம் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் இறால் தீனிக்கு இதைச் சேர்ப்பது பற்றி ஆராய்ந்து வருகிறது. கடலிலிருந்து ஒரு சாளையைக்கூட எடுக்கவேண்டாம், நிலமும் அதிகம் வேண்டாம். புழுவின் டாரீன் பூனைக்குப் போதாது என்பதால் அதைத் தனியாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஐரோப்பியச் சட்டப்படி வளர்ப்புப் பூச்சிகளுக்கு ஹோட்டல், வீட்டு எச்சிலைப் போடக்கூடாது. தவிடு, காய்கறி மிச்சம் மாதிரி சுத்தமானதைத்தான் போடவேண்டும். கோழிக்குப் போடக்கூடிய தவிட்டைப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவைப் பூனைக்குப் போட்டால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களும் உண்டு. குளிர் நாட்டில் புழுக் கொட்டகையைச் சூடாக வைப்பதற்கே கரண்டு செலவு. நம் சித்திரை வெயிலில் அந்தச் செலவு மிச்சம்!

ஒரு நாள் என் பெண் மாடித் தொட்டியிலிருந்து நாலு புழுவை எடுத்துக் கழுவி, தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்திப் பொன்னியிடம் நீட்டினாள். ஒன்றைச் சவைத்து விழுங்கியது. இரண்டாவதைக் காலால் தள்ளிவிட்டது. டாக்டரிடம் சொன்னபோது திட்டு விழுந்தது எனக்கு! நம் தொட்டியில் விழுகிற குப்பையில் என்னென்ன கிருமி, என்னென்ன உலோகம் கலந்திருக்கிறதோ. கணக்காக, சுத்தமாக வளர்த்துத் தயாரிக்கிற புழு வேறு, நம் தொட்டிப் புழு வேறு. நீங்களும் இந்த விஷப் பரீட்சையில் இறங்கவேண்டாம்.

பட்டும் பூனையும்

"புழுவும் உயிர்தானே? ஒரு கோழிக்குப் பதிலா ஆயிரம் புழுவைக் கொல்லச் சொல்றீங்களாக்கும்" என்றார்கள் அத்தை. இந்தக் கேள்விக்கு என் பெண்ணிடமே பதில் இல்லை, என்னிடம் எங்கே இருக்கும்? ஆனால் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அம்மா, பீரோவுல எத்தனை பட்டு இருக்கு உங்களுக்கு?"

பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும், நினைத்துப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கூட்டுப்புழு வெந்துபோகும். ஒரு கிலோ பட்டு நூல் எடுத்தால் ஈரப் பதத்தில் சுமார் 8 கிலோ கூட்டுப்புழு மிஞ்சும். காய்ந்தால் 2 கிலோ. புடவைக்கு அரை கிலோ பட்டு என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு முகூர்த்தப் புடவைக்குப் பின்னால் நாலு கிலோ புழு! காய்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம். கொரியாவில் வேகவைத்துத் தெருவில் விற்கிறார்கள், நம் அஸ்ஸாமில் மனிதர்களே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நம் பக்கம் எண்ணெய் எடுக்க, கோழிக்கு, மீனுக்கு என்று கொஞ்சம் போகிறது, மிச்சம் நாறுகிறது. தர்மபுரியிலும் கர்நாடகத்தில் ராமநகரத்திலும் பெரிய பட்டுக்கூடு சந்தைகளே நடக்கின்றன. புதிதாக ஒரு உயிரைக் கொல்லாமல், ஏற்கெனவே போன உயிரின் மிச்சத்தைப் பூனைத் தீனியாக்க நம் நாட்டுக்கு இதைவிட வசதி எங்கே? சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள், வாடை ஜாஸ்தி, உடனே உலர்த்தி எண்ணெயைப் பிரிக்கவேண்டும். அதற்குத்தான் ஆள் வேண்டும். சுயஉதவிக் குழுச் சகோதரிகள் யாராவது கால்நடைத் துறையைக் கேட்டுக்கொண்டு இதில் இறங்கினால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை.

அத்தை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நூல் புடவை கட்டிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் உண்டு. உயிரைக் கொல்லாமல், அணுக்களை மட்டும் தொட்டியில் வளர்த்துக் கறியாக்குகிறார்கள். 2024இல் பிரிட்டன் இதை வளர்ப்புப் பிராணிகளின் தீனிக்கு அனுமதித்தது. 2025 பிப்ரவரியில் நாய்களுக்கான தின்பண்டமாகக் கொஞ்சம் கடைக்கும் வந்தது. கொல்லாத கறி என்றதும் அத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள். நம் தெருக் கடைக்கு வரும்போது பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது

முக்கால்வாசி பாக்கெட் தீனிதான். லேபிளில் 'பூனைக்கு முழுமையான உணவு' என்று இருக்கிறதா, டாரீன் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குகிறேன். வளர்ந்த பூனைக்குக் காய்ந்த எடையில் நூற்றுக்கு 26 பங்காவது புரதம் வேண்டும், குட்டிக்கு 30. மீனை விட்டுவிட்டுக் கோழி மிச்சங்களில் செய்த வகைக்கு மாற்றிவிட்டேன். நாய்த் தீனி மலிவாக இருக்கிறதே என்று அதைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பூனைக்கு வேண்டிய டாரீன் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வாரம் இரண்டு நாள் வெந்த முட்டையில் பாதி. கீழ் வீட்டு அக்கா மீன் வாங்கும் நாளில் தலையை வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு கொடுத்தனுப்புவார். டாரீன் தண்ணீரில் இறங்கிவிடும், அதைக் கொட்டிவிடக்கூடாது. பச்சை மீன் தினமும் போட்டால் அதிலுள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், வேகவைத்தால் அந்தப் பயம் இல்லை. அசைவக்காரர்கள் ஈரல் மலிவு என்று தினமும் அதையே போடவேண்டாம். வைட்டமின் ஏ மிதமிஞ்சிக் கழுத்து எலும்பு இறுகிப்போகும். வெறும் கறியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும். குழம்பு மீனை எடுத்துப் போடுவதும் தப்பு, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

கைக்குழந்தை உள்ளவர்களும் முழுகாமல் இருக்கிறவர்களும் பூனைக்குப் பச்சைக் கறி போடுவதையே விட்டுவிடுங்கள். கறியிலிருந்து பூனைக்கும், பூனையின் மலத்திலிருந்து நமக்கும் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். பூனையின் மண்தட்டை அன்றாடம் சுத்தம் செய்யவேண்டும். அந்தக் கிருமி தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். அந்த வேலையைப் பிள்ளைத்தாய்ச்சி செய்யாமல் வீட்டுக்காரர் செய்யட்டும், ஒன்றும் குறைந்துபோய்விடாது.

புதுத் தீனிக்கு மாற்றும்போது பழசோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். 'பசித்தால் தின்னும்' என்று பிள்ளைகளிடம் பிடிக்கிற பிடிவாதம் பூனையிடம் கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே அதன் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்து. சர்க்கரை போட்டு ஆசை காட்டவும் முடியாது, பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதாம், 2005இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தீனியை லேசாக வெந்நீரில் நனைத்தால் வாசனை எழும்பும், அதற்கு மசியும்.

பொன்னிக்கு இப்போது ஏழு வயது ஆகிறது. கண் இல்லாவிட்டாலும் வீடு முழுக்க மீசையாலேயே நடந்துவிடும். கிண்ணம் மட்டும் ஃபிரிட்ஜுக்கு இடதுபக்கம், சுவரை ஒட்டி, ஒரு விரற்கடைகூட நகராமல் இருக்கவேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தைதான் பாக்கெட்டை எடுத்து அளந்து போடுகிறார்கள். போட்டதும் கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "ச்சு ச்சு" என்று கூப்பிடுவார்கள். எந்த அறையில் இருந்தாலும் வந்துவிடும்.